தெள்ளுக் கடிக்குப் பூனை மேல் என்ன பூசலாம், என்ன பூசவே கூடாது

பூனை நாள் முழுக்கச் சொறிகிறது, ராத்திரி எழுந்து உட்கார்ந்து வாலடியைக் கடிக்கிறது, ஆனால் மயிரை விலக்கிப் பார்த்தால் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை. பல்லடம் பக்கம் எங்கள் வீட்டில் ஐப்பசி மழையோடு தொடங்கிய இந்தக் கூத்து பொங்கல் தாண்டித்தான் அடங்கியது. அதற்குள் சொறி சோப்பு, படை மருந்து, பவுடர், மூலிகை மணம் போட்ட கழுத்துப்பட்டை என்று நாலாயிரத்துச் சொச்சம் கரைந்துவிட்டது. உருப்படியாக வேலை செய்தவை என்று பார்த்தால் ஒரு பேன் சீப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, உப்பு, ஓட்ஸ், பழைய துணி, அப்புறம் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒரு சொட்டு மருந்து. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். அக்கறையோடு ஆளாளுக்குச் சொன்ன வைத்தியங்களில் பாதி, பூனையைக் கொல்லக்கூடியவை. இயற்கை மருந்துதானே என்ற ஒரே தைரியத்தில் அவற்றைச் சொன்னார்கள். அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது தெள்ளுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூனையின் நாக்கில் தொண்டையை நோக்கி வளைந்த முட்கள் உண்டு. கடிக்கிற தெள்ளை நாக்கால் வழித்து விழுங்கிவிடும். அதனால்தான் நாயின் வயிற்றில் தெள்ளு ஓடுவது தெரிகிற மாதிரி பூனையிடம் தெரிவதில்லை. தடயம் மட்டும்தான் மிஞ்சும். பேன் சீப்பை எடுத்து வாலடி, பின்கழுத்து, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் தோலை ஒட்டி வாருங்கள். சீப்பில் வரும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். வெறும் மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் பொடியைச் சுற்றித் துரு நிறத்தில் ஒரு வட்டம் விரியும். அது பூனையின் ரத்தம், தெள்ளு குடித்துக் கழித்தது. இந்தச் சோதனைக்குக் காசு ஒன்றும் ஆகாது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் படை மருந்து வாங்கியே இருக்க மாட்டோம்.

படை என்று தோன்றியதற்கும் காரணம் உண்டு. தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்குக் கழுத்திலும் முதுகிலும் விரலை ஓட்டினால் ரவையைத் தடவுவது போல் நெருநெருவென்று சின்னச் சின்னப் பொருக்கு தட்டுப்படும். சில பூனைகளுக்குப் பொருக்கே வராது, வயிற்றிலும் பின்தொடையிலும் மயிரை நக்கி நக்கியே மொட்டையாக்கிவிடும். ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். ஆகவே ஒரு தெள்ளுகூடத் தெரியவில்லையே என்று அந்தச் சந்தேகத்தை விட்டுவிட வேண்டாம். உண்ணியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உண்ணி எட்டுக் காலோடு ஒரே இடத்தில் பற்றிக்கொண்டு உப்பிக் கிடக்கும். தெள்ளுக்கு ஆறு கால், இரு பக்கமும் நசுக்கியது போல் தட்டையான உடம்பு, மயிருக்குள் ஓடும், தொட்டால் தாவும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று நினைத்துக் கடைக்காரர் உண்ணிப் பவுடரை நீட்டுவார். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அரிப்பைத் தணிக்கும் வழிக்குப் போகுமுன் தெள்ளு எங்கே வாழ்கிறது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் என்ன பூசினாலும் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். பூனை மேல் இருப்பவை வளர்ந்த தெள்ளுகள் மட்டும். மொத்தக் கூட்டத்தில் அவை நூற்றுக்கு ஐந்துதான். மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுத் தரையில் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரைக்கும் போடும். முட்டை மயிரில் ஒட்டாது, பூனை நடக்கிற, தாவுகிற, படுக்கிற இடமெல்லாம் உதிரும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து இண்டு இடுக்கில் புகுந்து, மேலிருந்து உதிரும் அந்தக் காய்ந்த ரத்தப் பொடியைத் தின்று வளரும். அதற்கு ஈரப்பதம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து சாகும், 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பமும் ஆகாது. சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வாசல் மண்ணில் அது பிழைக்க முடியாது, ஆனால் அதே வீட்டில் கட்டிலுக்கு அடியில் சௌகரியமாக இருக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை நம் பக்கத்துக் குளுமையும் ஈரமும் அதற்குத் தோதானவை. மூன்று நான்கு வாரத்தில் முட்டை தெள்ளாகிவிடும்.

எங்கள் விஷயத்தில் ஊற்றுக்கண் தறிக்குடோன். எலிக்காகப் பூனை அங்கேதான் படுத்திருக்கும். தறிக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசி, மூலையில் போட்ட சாக்கு, பாவு சுற்றி வந்த அட்டை இவற்றைவிடத் தெள்ளுப் புழுவுக்கு நல்ல மெத்தை கிடையாது. தறி ஓடும்போது அதிர்வு, நின்றதும் அமைதி, நடமாடும் ஆள்களின் சூடு. தறி ஓட்டுகிறவர்களுக்குக் கணுக்காலில் வரிசையாகத் தடிப்பு வந்ததைக் கொசுக்கடி என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். மனிதரைத் தெள்ளு முழங்காலுக்குக் கீழேதான் பெரும்பாலும் கடிக்கும். சொந்தக்காரர் வந்து ஆசாரத்தில் (முன்கூடத்தில்) பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் காலைச் சொறிந்துகொண்டே "என்னங்கம்மிணி, மூட்டைப்பூச்சி கீட்டைப்பூச்சி இருக்குதுங்களா?" என்று கேட்டபோது வந்த அவமானம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டு அம்மிச்சி சொன்னது: "ஏன் கண்ணு இப்படிச் சங்கடப்படறே, வேப்பெண்ணெயத் தடவியுடு, ரெண்டு நாள்ல எல்லாம் ஓடிப்போயிரும்." ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர் புகையிலைத் தண்ணியை ஊற்றச் சொன்னார். ஒருவர் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய், இன்னொருவர் ஊட்டித் தைலம், மற்றொருவர் எலுமிச்சைத் தோலைக் கொதிக்க வைத்துத் தெளிக்கச் சொன்னார். இவற்றில் பல ஆட்டுக்கும் மாட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவைதான், மறுக்கவில்லை. ஆனால் பூனையின் மேல் எதைப் பூசினாலும் அது கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும், ஏனென்றால் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை அது உடம்பை நக்குவதில்தான் கழிக்கிறது. அதோடு, வாசனை எண்ணெய்களில் இருக்கும் பல பொருள்களை உடைத்து வெளியேற்றக் கல்லீரலில் நடக்க வேண்டிய ஒரு வேலை பூனைக்கு ரொம்பக் குறைவு. நாய்க்கும் நமக்கும் ஒரு நாளில் கழிகிற பொருள் பூனைக்கு உடம்பில் தேங்கி நஞ்சாகும். ஆகவே பூனைக்கு எந்த வைத்தியம் சொன்னாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை ஒரு ஸ்பூன் குடிக்கக் கொடுக்கலாமா? கூடாது என்றால் பூசவும் கூடாது.

அந்தக் கேள்வியில் தோற்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். கற்பூரமும் அந்துருண்டையும் நரம்பைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும். யூகலிப்டஸ் தைலம், புதினாத் தைலம், கிராம்பு எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், தலைவலித் தைல வகைகள் எல்லாம் விலக்கு. வெறும் வேப்பெண்ணெயை நக்கினால் எச்சில் ஒழுகல், வாந்தி, நடுக்கம் என்று போகும். வேப்பந்தழையைக் கொதிக்க வைத்த தண்ணீரில் தரையைத் துடைத்துக்கொள்ளலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகையிலைத் தண்ணியில் நிகோடின் இறங்கியிருக்கும், அது நஞ்சு. ஆட்டின் ரோமத்தில் ஊற்றுவதும் நாலு கிலோ பூனை மேல் ஊற்றுவதும் ஒன்றாகாது. எலுமிச்சைத் தோல் தண்ணீரும் வினிகரும் சொறிந்து புண்ணான தோலில் நெருப்பாய் எரியும், எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பூனைக்கு ஆகவும் ஆகாது. தலைப் பேனுக்கு அரைக்கிற சீத்தாப்பழ விதை கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கும். பூண்டை அரைத்துச் சோற்றில் கலந்தால் ரத்தம் கசந்து தெள்ளு ஓடும் என்பார்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கின்றன, தெள்ளால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிராணிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அரிப்புக்கு நாம் போடுகிற காலமைன் லோஷனில் துத்தநாகம் இருக்கிறது, நக்கினால் ஆகாது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் ஒரு துண்டு கொடுத்தால் அது ஒன்றே போதும், பூனை பிழைக்காமல் போகலாம். ஃபினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் நஞ்சுதான். சுண்ணாம்புத் தூளைத் தூவினால் பாதம் வெந்துபோகும்.

இயற்கைப் பட்டியலுக்கு வெளியே ஒன்று, ஆனால் இதைச் சொல்லாமல் போனால் மற்றதெல்லாம் வீண். நாய்க்கு விற்கும் தெள்ளுச் சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். மாட்டு உண்ணிக்கும் ஆட்டுக்கும் தண்ணீரில் கலக்கிக் குளிப்பாட்டும் மருந்துகளில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின். மூன்றும் ஒரே குடும்பம், பூனைக்கு ஆகாது. "பெரிய நாய்க்கு முழுசு, பூனைக்குக் கால்வாசி போதுங்க" என்று ஒரு கடையில் சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா, மருந்தின் பெயர் என்ன என்று படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். தெரியாமல் யாராவது போட்டுவிட்டால் முதலில் காது துடிக்கும், எச்சில் ஒழுகும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும், பிறகு வலிப்பு. நேரத்தை வீணாக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரச் சோப்பிலும் கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு, மருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

சரி, எது ஆகும்? முதல் மருந்து வெறும் தண்ணீர். மெல்லிய பருத்தித் துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அரிக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். துணி சூடானதும் மறுபடி நனைத்து வைக்கலாம். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள், பூனை அடுத்த முறை துணியைப் பார்த்தாலே ஓடும். தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவதால் வீக்கமும் அரிப்பும் தணிகின்றன. ராத்திரி படுக்கைக்குப் போகுமுன் இதைச் செய்தால் பூனைக்கும் தூக்கம், நமக்கும் தூக்கம்.

சொறிந்து தோல் கிழிந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கரைத்து ஆற விடுங்கள். ஐந்து கிராம் அளவுதான் வரும், கண்ணீரின் உப்புக்குப் பக்கத்தில் இருக்கும், எரியாது. கல்லுப்பானால் பொடி செய்து அளந்துகொள்ளுங்கள், கரண்டியில் கல்லுப்பு அளவு ஏறுக்குமாறாக வரும். ஜாஸ்தியானால் புண் எரியும், பூனை நகத்தை நீட்டும், அப்புறம் கிட்ட வராது. பஞ்சில் நனைத்துப் பொருக்கை ஊற வைத்து மெல்ல ஒற்றி எடுங்கள், பிய்க்காதீர்கள். காலையும் மாலையும் செய்து, முடிந்ததும் வெறும் தண்ணீர்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டால் நக்கினாலும் பயமில்லை. மீந்த தண்ணீரை மறுநாளைக்கு வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

உடம்பு முழுக்க அரிப்பு என்றால் ஓட்ஸ்தான், வீட்டுப் பொருள்களில் எனக்கு இதன் மேல்தான் அதிக நம்பிக்கை. மசாலா, சர்க்கரை ஒன்றும் சேராத சாதா ஓட்ஸ் அரை டம்ளரை மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். அரைத்தது போதுமா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பாலாக மாறி, தொட்டால் வழவழப்பாக இருந்தால் சரி. திப்பி அடியில் படிந்தால் இன்னும் இரண்டு சுற்று விடுங்கள். நாலைந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த மாவைக் கரைத்து, கழுத்துக்குக் கீழே டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றி, தோல் வரைக்கும் இறங்குமாறு விரலால் அளைந்து, பத்து நிமிடம் வைத்திருந்து அலசிவிடுங்கள். தண்ணீர் என்றாலே கூரையேறும் பூனையானால் மெல்லிய துண்டை அந்தத் தண்ணீரில் நனைத்து உடம்பைச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம், பாதி பலனாவது கிடைக்கும். நக்கினாலும் ஒன்றும் ஆகாது. வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். ஓட்ஸுக்குப் பதில் அரிசிக் கஞ்சித் தண்ணி ஊற்றலாமா என்று கேட்பீர்கள். கெடுதல் இல்லை, ஆனால் சரியாக அலசாவிட்டால் மயிர் விறைத்துக்கொள்ளும், எறும்பும் தேடி வரும்.

சோற்றுக்கற்றாழையை எல்லோரும் சொல்வார்கள். அதன் உள்ளே இருக்கும் நுங்கு பரவாயில்லை. தோலுக்கும் நுங்குக்கும் இடையில் வடியும் மஞ்சள் பால்தான் வயிற்றைப் பிடுங்கும். மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்குமாறு அரைமணி நேரம் சாய்த்து வைத்துப் பாலை வடித்து, தோல் சீவி, நுங்கை நாலைந்து தண்ணீரில் கழுவியபின், நாக்கு எட்டாத பின்கழுத்தில் மட்டும் துளி தடவலாம். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது ஈரத்துணி தருகிற அதே குளுமைதான் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. தேங்காய் எண்ணெயைக் காய்ந்த பொருக்கின் மேல் விரல் நுனியால் தொட்டு வைக்கலாம். உடம்பு முழுக்கத் தேய்த்தால் பூனை அத்தனையையும் நக்கிப் பேதியாகும், பிசுபிசுப்பில் மண் வேறு ஒட்டும். மஞ்சளால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, பலனும் பெரிதாக இல்லை. வெள்ளைப் பூனை பொங்கலுக்குப் பூசிய மாதிரி நிற்கும், அவ்வளவுதான். இவற்றையெல்லாம்விட நகத்தின் நுனியை வெட்டிவிடுவது நல்ல வைத்தியம். பாதத்தை மெல்ல அமுக்கினால் நகம் வெளியே வரும், கண்ணாடியாகத் தெரிகிற கொக்கி நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய், அதைத் தொடக்கூடாது. நகம் மழுங்கினால் சொறிந்தாலும் கிழியாது, கிழியாவிட்டால் சீழ் வைக்காது.

அரிப்பைத் தணித்தாயிற்று, கடிக்கிறவனை இறக்க வேண்டாமா? ஒரே ஒரு முறை சோப்புக் குளியல். தண்ணீரை மட்டும் ஊற்றினால் தெள்ளு மிதக்கும், காய்ந்ததும் எழுந்துகொள்ளும். சோப்பு கலந்தால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை உடைந்து அது மூழ்கும். வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து, அகலமான அன்னக்கூடைப் பாத்திரத்தில் பூனையின் முட்டி அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். அடியில் ஒரு சாக்கைப் போட்டால் வழுக்காது, வழுக்கினால்தான் பூனை பிறாண்டும். உடம்பை நனைக்குமுன்னே கழுத்தைச் சுற்றிக் காப்பு மாதிரி சோப்பு நுரையைப் போட்டுவிட வேண்டும். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. உடம்பு நனைந்ததும் தெள்ளெல்லாம் மேட்டுக்கு ஓடும், மேடு என்றால் பூனையின் முகமும் காதும். நுரை வளையம் இருந்தால் அதைத் தாண்டாது. பிறகு முதுகு, வயிறு, தொடையிடுக்கு, வாலடி என்று நுரைத்து ஐந்து நிமிடம் வைத்து, வழவழப்பு போகிற வரைக்கும் அலசுங்கள். துடைத்து வெயிலில் வைத்துக்கொண்டு அப்போதே சீப்பால் வாருங்கள், மயங்கிய தெள்ளு அப்போதுதான் சுலபமாக வரும். பாத்திரச் சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், அடிக்கடி போட்டால் வறண்டு அரிப்பு கூடும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியைக் குளிப்பாட்டவே வேண்டாம், குளிரில் விறைத்துவிடும், அதற்குச் சீப்பு மட்டும்.

சீப்பு தினமும் எடுக்க வேண்டும். ஸ்டீல் பல் நெருக்கமாக உள்ள பேன் சீப்பு போதும், பிராணிக்கென்று விற்கும் விலை உயர்ந்ததும் அதே வேலையைத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை அதில் முக்குங்கள். விரலால் நசுக்கப் பார்க்காதீர்கள். தட்டையான உடம்பு, அவ்வளவு லேசில் நசுங்காது, தாவிவிடும். நசுங்கினாலும் அதன் வயிற்றில் இருக்கும் கிருமி நகக்கண்ணில் ஏறும். பூனை கீறிக் காய்ச்சலும் நெறிக்கட்டும் வருகிற நோய்க்கு, பூனையின் நகத்தில் ஒட்டுகிற தெள்ளின் எச்சம்தான் வழி.

வீடு பெரிய வேலை, அதில்தான் எங்களுக்கு மாதங்கள் போயின. பூனையின் படுக்கையைக் கழுவிக் காப்பாற்றுவதைவிடத் தூக்கிப் போடுவது மேல். திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், அதை விரித்து, நாலு நாளைக்கு ஒரு தடவை சுருட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிடலாம். தெள்ளு முட்டை பூனை படுக்கும் இடத்தில்தான் அதிகம் குவியும் என்பதால், அதற்கு ஒரு நல்ல படுக்கை கொடுத்து ஒரே இடத்தில் படுக்கப் பழக்குவதே பாதி வெற்றி. போர்வை, பாய்விரிப்பு எல்லாம் 60 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வேண்டும், கை பொறுக்காத சூடு அது. தரையைச் சீமாறு கொண்டு வறட்டு வறட்டென்று கூட்டினால் முட்டை பறந்து அடுத்த மூலைக்குப் போகும். ஈரச் சாக்கால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு கூட்டுங்கள், கூட்டிய குப்பையை வாசலில் கொட்டாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கவனிக்க வேண்டிய இடம் நடுக்கூடம் அல்ல. கட்டிலடி, பீரோவுக்குப் பின்னால், கடப்பாக்கல் இணைப்பு, காவித் தரையின் விரிசல், திண்ணை ஓரம், தறிக்கு அடிப்பள்ளம். விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தது நாங்கள் செய்த நல்ல செலவுகளில் ஒன்று. கட்டுத்தரையும் ஆட்டுப்பட்டியும் வீட்டை ஒட்டி இருந்தால் அங்கே எருவை அள்ளி, வெயில் படவிட்டு, பூனை அங்கே படுக்காமல் பார்க்க வேண்டும். ஆட்டின் மேலும் தெள்ளு வாழும். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் அதே நாளில் அதற்குரிய வைத்தியம், ஒன்றை விட்டு ஒன்றுக்குச் செய்வது வீண்.

எல்லாம் செய்தும் இரண்டு வாரம் கழித்துப் புதுத் தெள்ளு வரும். அப்போதுதான் மனசு விட்டுப்போகும், மருந்து கேட்கவில்லை என்று வேறு மருந்துக்குத் தாவத் தோன்றும். தாவாதீர்கள். அவை கூட்டுப்புழுக்களிலிருந்து வருபவை. கூட்டின் மேல் பசையில் தூசி ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரோ மருந்தோ உள்ளே இறங்காது, மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் வெளியே தாவும். ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் வாரம் கழித்துக் கதவைத் திறக்கிறவர்கள் காலில் கூட்டமாக ஏறுவது அதனால்தான். ஆகவே பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பவேண்டாம். நடமாடி, கூட்டி, வெளியே வரவழைத்துத்தான் தீர்க்க வேண்டும். கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு: ராத்திரி அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, மேலே ஒரு சாண் உயரத்தில் சின்ன பல்பு எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாவி விழுந்திருக்கும். இது தெள்ளை ஒழிக்காது, எந்த அறையில் இன்னும் இருக்கிறது என்று காட்டும். பூனை அந்த அறைக்குள் வராமல் கதவைச் சாத்திவிடுங்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

வீட்டு வைத்தியம் மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வாமை உள்ள பூனைக்குப் போதாது. பூனைக்கென்றே அச்சிட்ட ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தை எடையும் வயதும் பார்த்து மருத்துவர் கொடுப்பார். மண்டைக்குக் கீழே பின்கழுத்தில் மயிரை வகிடெடுத்துத் தோலிலேயே விட வேண்டும், மயிரின் மேல் விட்டால் பாதி வீண். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் அதன் கிட்டே போகக்கூடாது, முயலுக்கு அது நஞ்சு. குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் எந்தத் துணியும் உப்பும் வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். தெள்ளு குடித்தே குட்டியைக் கொல்லும். பூனை ஒரு நாளுக்கு மேல் தின்னாமல் இருந்தாலும், புண்ணில் சீழ் கோத்தாலும் அப்படியே. ஊர் கால்நடை மருந்தகத்தில் மாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் பூனையைக் கொண்டுபோகக் கூச்சப்பட வேண்டாம், பார்ப்பார்கள். கூடுதல் சோதனை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பூனையைச் சாக்கில் கட்டாமல் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் கொண்டுபோங்கள்.

தெள்ளு அடங்கியபிறகு ஒரு பாக்கி. நக்கும்போது விழுங்கிய தெள்ளின் உடம்பில் நாடாப்புழுவின் குஞ்சு இருக்கலாம். சில வாரம் கழித்துப் பூனையின் ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசி அளவில் வெள்ளையாக நெளிவது தெரிந்தால் அதுதான். சாதாரணக் குடற்புழு மருந்துக்கெல்லாம் இது கேட்காது, பிராசிகுவான்டெல் சேர்ந்த மாத்திரை வேண்டும், அதுவும் எடைக்குத் தகுந்து. எடை பார்க்கப் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில் வைத்து வாயை மூடித் தொண்டையைத் தடவி, பின்னாலேயே ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். தெள்ளை ஒழிக்குமுன் இந்த மாத்திரையைக் கொடுத்தால் அடுத்த மாதமே நாடாப்புழு திரும்ப வந்துவிடும், அதனால் வரிசை மாறக்கூடாது.